டின் சத்தம் நிற்கவில்லை

இந்தப் போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, தானேதார் சாகிப். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நாங்கள் உப்புப் போட்டுக் குடித்துப் பழகியவர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அன்று குடிசையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படியும் கேட்பீர்கள். என் தங்கை ஜைத்தூன். அவள் மகள் குல்நாஸ், அப்போது எட்டு வயது. என் அப்பாவின் தம்பி ஷேர் ஜமான் சாச்சா, ஒரு முழங்கால் மடங்காது. இந்தூரிலிருந்து மலையேற வந்திருந்த கணவன் மனைவி. மனைவிக்கு உயரம் ஒத்துக்கொள்ளாமல் முதல் நாளிலிருந்து படுத்த படுக்கை. அப்புறம் நான், நேக் ஆலம் கட்டானா. கணவாயைத் தாண்டி வந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஜைத்தூனின் கணவன் மிஸ்கீன். இன்னொருவர் அவன் கூட்டிவந்த பூனாக்காரர், சேத்தன் பவார்.

குடிசையில் இருந்தவர்களில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். மதியம் மூடுபனி இறங்கியதிலிருந்து இருட்டும்வரை டின் சத்தம் நிற்கவேயில்லை. உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த தானேதாரும் அப்படித்தான் எழுதியிருப்பார். அது உண்மை. அதை மறுக்க நான் வரவில்லை.

நீங்கள் கீழ்நாட்டுக்காரர், அதனால் டின் விஷயத்தைச் சொல்கிறேன். நீல்சர் ஏரிக்கரையில் கணவாய்க்கு மிக அருகில் இருப்பது எங்கள் குடிசை. மேலே யாராவது இருக்கும்போது மூடுபனி இறங்கினால், அந்தக் குடிசைக்காரன் வெளியே நின்று டின் அடிக்க வேண்டும். காலி நெய் டின், தேவதாரு மரக் கட்டை. மூன்று அடி, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி மூன்று அடி. வாயால் கூப்பிடக் கூடாது. பனியில் குரல் சிதறிப்போகும். மேலே இருப்பவன் கண்ணை மூடிக்கொண்டுகூட அந்தச் சத்தத்தைப் பிடித்து இறங்கிவிடுவான். கடைசி ஆள் வந்து சேரும்வரை அடிப்பவன் நிறுத்தக் கூடாது, சாப்பிடக் கூடாது. எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பத்துக்கும் என் அப்பா டின் அடித்திருக்கிறார். வந்தவன் சலாம் சொல்லாமல் தாண்டிப் போனான். இவரும் எதிர்பார்க்கவில்லை. அது அப்படித்தான்.

மிஸ்கீன் கெட்டவன் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானும் அவனும் பதினோரு வருஷம் சேர்ந்து ஆட்களை மலையேற்றினோம். அவன் முன்னால் நடப்பான், பாட்டுப் பாடுவான், பெண்களின் பையை வாங்கித் தூக்குவான். நான் பின்னால் குதிரைகளோடு வருவேன், சமைப்பேன். ஏரிக்கரைக்கு வந்ததும் எல்லாரும் அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுக்க ஃபோனை என்னிடம் கொடுப்பார்கள். ஊருக்குப் போய் அந்தப் படங்களை அவனுக்கு அனுப்புவார்கள். அவன் என்னிடம் காட்டுவான். எல்லாம் நான் எடுத்தவை, நேராக, தலை வெட்டுப்படாமல் எடுத்திருப்பேன். இதை எனக்கு வருத்தம் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் வேலை எப்படிப் பிரிந்திருந்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

விஷயம் புல்வெளியைப் பற்றியது. ஏரிக்குக் கிழக்கே இருக்கும் புல்வெளியின் மேய்ச்சல் சீட்டு மிஸ்கீனின் அப்பா பெயரில் இருந்து அவன் பெயருக்கு வந்தது. நான் என் ஆடுகளை அங்கேதான் மேய்த்தேன். மச்சினன் என்ற உரிமையில்தான். அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் காலை எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் ஆரம்பித்தான்.

"மச்சான், அடுத்த வருஷம் நம்ம புல்வெளில கூடாரம் வருது. முப்பது கூடாரம். உள்ள கட்டிலு, கம்பளம், சுடுதண்ணி. பூனாவுல ஒரு கம்பெனி கேக்குது. ஆள் வந்து பாத்துட்டுப் போகப் போறாரு."

"ஆடு எங்க மேயும்?" என்றேன்.

"உன் தாடில மேயட்டும். நல்லா வளந்து கெடக்கு."

ஜைத்தூன் சிரித்தாள். சாச்சா பல்லில்லாத வாயால் சிரித்தார். குல்நாஸ் என் தாடியைப் பிடித்துக்கொண்டு 'மே' என்று கத்தினாள்.

"வெளையாடாத மிஸ்கீன். நூத்தி நாப்பது உருப்படி. எங்க ஓட்டிட்டுப் போவேன்?"

"உன் ஆட்டுக்கு நாலு காலு இருக்கு மச்சான், வேற மலைக்குப் போகும். என் பொண்ணுக்கு ரெண்டு காலுதான். அது காங்கன்ல ஸ்கூலுக்குப் போகணும். ஆட்டுப் பின்னாடி அலைஞ்சு நீயும் நானும் என்னத்தக் கிழிச்சோம்?"

"லாலா, அவரு சொல்றதும் சரிதான்" என்றாள் ஜைத்தூன். என்னை அவள் லாலா என்றுதான் கூப்பிடுவாள், மூத்தவன்.

சாச்சா மட்டும் என்னைப் பார்த்தார். "இவனுக்குக் கோவம் வந்தா வாயத் தொறக்க மாட்டான். இவங்கப்பன் மாதிரி" என்றார்.

"கோவமா? மச்சானுக்கா?" மிஸ்கீன் என் முதுகில் ஓங்கித் தட்டினான். டீ என் மடியில் கொட்டியது. "கூடாரத்துக்குச் சமையல்காரன் வேணும்ல? உன்னத்தான் போடச் சொல்லப் போறேன்."

நான் அன்று யோசித்ததெல்லாம் ஆடுகளைப் பற்றித்தான். புல் போனால் ஆடு போகும். ஆடு போனால் நாங்கள் யார்? கூடாரம் வந்தால் மலையும் கெடும், தண்ணீரும் கெடும், பெண்பிள்ளைகளும் வெளியே நடமாட முடியாது. இதை யாராவது தடுத்தாக வேண்டும். மற்றவர்களுக்குச் சிரிக்கத்தான் தெரிந்தது. பூனாக்காரர் ஒருமுறை நன்றாகப் பயந்து திரும்பிப் போனால் போதும், இந்தப் பேச்சே அடங்கிவிடும் என்று நினைத்தேன். நியாயமான நினைப்புதான். இப்போதும் அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் மிஸ்கீன் அவரைக் கூட்டிவரக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனான். செவ்வாய்க்கிழமை மதியம் இறங்குவதாகப் பேச்சு. அன்று காலையில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆடுகள் மேலே ஏற மறுத்தன, குடிசையைச் சுற்றியே நின்றன. அப்படி நின்றால் மதியத்துக்குள் பனி இறங்கும். இறங்கியது. நீட்டிய கை தெரியாத பனி.

டின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இருபது முப்பது முறை வாசலில் நின்று அடித்தேன். பிறகு உள்ளே குனிந்து, "இங்கருந்து சத்தம் ஏறல. கொஞ்சம் மேட்டுக்குப் போய் அடிக்கிறேன்" என்றேன்.

"கம்பளிய போத்திக்க லாலா" என்றாள் ஜைத்தூன். அவளே கொண்டுவந்து என் தோளில் போட்டாள்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் புரியும். கணவாயிலிருந்து இறங்குபவனுக்கு வலது கைப்பக்கம் எங்கள் குடிசை. இடது கைப்பக்கம் ஏரித் தண்ணீர் வழிந்து ஓடும் ஓடை. அந்த ஓடை பாறையை அறுத்துக்கொண்டு போன இடத்தில் ஒரு பிளவு இருக்கிறது. ஏழெட்டு ஆள் ஆழம். மேலிருந்து வரும்போது அது கண்ணுக்குத் தெரியாது. விளிம்புவரை புல்தான். ஏரி வழியும் இடத்தில், ஓடை பிளவுக்குள் விழுவதற்கு முன்னால், குறுக்கே இரண்டு மரத்துண்டு போட்டிருக்கிறோம். ஆட்டுக்காரன் மட்டும் அதில் போவான்.

அந்த மரத்துண்டில் நான் அந்தப் பக்கம் போனேன். டின்னை இடுப்பில் கட்டிக்கொண்டு, அடித்துக்கொண்டேதான் நடந்தேன். பிளவுக்கு அப்பால் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றேன். மூன்று அடி, ஒரு மூச்சு. மூன்று அடி, ஒரு மூச்சு.

மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சேத்தன் பவார் சொல்லித்தான் தெரியும். அவர் பயந்த மனிதர், நல்லவர். பொய் சொல்லமாட்டார். அவர் ரேஷ்மா என்ற எங்கள் பழைய குதிரையின்மேல் உட்கார்ந்திருந்தாராம். மிஸ்கீன் கயிற்றைப் பிடித்து நடந்திருக்கிறான். இறக்கம் முடிகிற இடத்தில் குதிரை நின்றுவிட்டது. வலது பக்கம் இழுத்தது. மிஸ்கீன் இடது பக்கம் இழுத்தான். அது காலை ஊன்றிக்கொண்டு நகரவில்லை.

பவார் கேட்டாராம், "குதிரைக்கு வழி தெரியும் இல்லையா?"

மிஸ்கீன் சிரித்திருக்கிறான். "குதிரைக்கு லாயந்தான் தெரியும் சார். அங்க டின் அடிக்கிறது என் மச்சான். இவ்ளோ நாளா இந்தச் சத்தத்தப் புடிச்சுத்தான் வீடு போய்ச் சேர்றேன். நீங்க இதும்மேலயே உக்காருங்க, நான் போய் அவனக் கூட்டிட்டு வர்றேன்."

எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். குதிரையா, டின்னா என்றால் டின்தான். குதிரை வாயில்லாத ஜீவன். டின்னுக்குப் பின்னால் ஒரு மனிதன் நிற்கிறான்.

அவன் குரல் எனக்குக் கேட்டது. "அடி மச்சான், அடி! கேக்குது, வந்துட்டேன்!" என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தான். குளிரில் நடந்து வருபவன் அடுப்பை நினைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. பிறகு கல் உருண்டது. குரல் வரவில்லை.

நான் அடிப்பதை நிறுத்தவில்லை. ஆள் வந்து சேரும்வரை நிறுத்தக் கூடாது, அதுதான் வழக்கம். மேலே இன்னொருவரும் இருந்தாரே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கட்டை பிடித்த உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. வெளிச்சம் மங்கும்போது அடித்துக்கொண்டே மரத்துண்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தேன். குடிசை வாசலில் நின்று அடித்தேன். பவாரைச் சுமந்துகொண்டு ரேஷ்மா தானாக வந்து சேர்ந்தது. அவரைக் கீழே இறக்கி, கைகாலைத் தேய்த்து, உப்பு டீ கொடுத்தது நான்தான்.

"அவர் முன்னாடியே வந்துட்டாரே?" என்று கேட்டார். "உங்ககிட்டதானே வந்தார்?"

ஜைத்தூன் என்னைப் பார்த்தாள். "நடுவுல டின் ரொம்ப தூரமா கேட்டுச்சே லாலா" என்றாள்.

"பனி விழுங்கிடுச்சு" என்றேன்.

சாச்சாவும் ஆமாம் என்றார். பனி அப்படிச் செய்யும்.

இரண்டு நாள் கழித்துத்தான் உடம்பு கிடைத்தது. நான்தான் கயிற்றில் இறங்கித் தூக்கினேன். வேறு யாருக்கும் அந்த இறக்கம் தெரியாது. டின் சத்தம் இடது பக்கமிருந்து வந்தது என்று பவார் சொன்னதை அப்போதைய தானேதார் கேட்டுக்கொண்டார். பனியில் திசை குழம்பும், புது ஆள், பயம் என்று எழுதி மூடிவிட்டார். கிழிந்த என் கையை எல்லாரும் பார்த்தார்கள். சுற்றிலும் உள்ள குடிசைக்காரர்கள் வந்து அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மச்சானுக்காக இப்படி அடித்தவன் உண்டா என்றார்கள். கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் என்னவோ என்று நினைப்பார்களே.

அது முதல் நான் டின் அடிப்பதில்லை. சாச்சா முழங்காலை நீட்டி வாசலில் உட்கார்ந்து அடிக்கிறார். பனி இறங்கினால் நான் உள்ளே கம்பளிக்குள் படுத்துக்கொள்வேன். தூக்கம் நன்றாகத்தான் வருகிறது. மூன்று அடிக்கு அப்புறம் வரும் அந்த மூச்சு இடைவெளியில் மட்டும் காதைப் பொத்திக்கொள்வேன். அடி விழும்போது ஒன்றுமில்லை. இடைவெளியில்தான்.

கூடாரம் வந்துவிட்டது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பது வெள்ளைக் கூடாரங்கள். சீட்டு ஜைத்தூன் பெயருக்கு மாறியது, கம்பெனிக் காகிதத்தில் அவளுக்காக நான் கைநாட்டு வைத்தேன். எப்படியும் யாரோ ஒருவன் செய்யப்போகிறான். அதை நம் ஆள் ஒழுங்காகச் செய்தால் மலை கெடாது. இப்போது நான்தான் அங்கே பொறுப்பு. என் பெயர் எழுதிய சட்டை கொடுத்திருக்கிறார்கள். ஆட்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போகும்போது முன்னால் நடக்கிறேன். என்னோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆடுகளை இந்த வருஷம் மேலே ஏற்றவில்லை. வருகிறவர்களுக்கு அந்த வாடை பிடிக்கவில்லை.

ஜைத்தூனையும் குல்நாஸையும் காங்கனில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். அவன் ஆசைப்பட்ட ஸ்கூலில்தான் பிள்ளை படிக்கிறாள். ஒரு குறையும் வைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், நான் யாரும் அடிக்காமல், யாரும் கூப்பிடாமல், நானாகத்தான் வந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பயமுறுத்தத்தான் செய்தேன், மற்றது விதி என்று நீங்களும் எழுதி மூடிவிடுவீர்கள். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று குல்நாஸ் ஸ்கூலிலிருந்து வந்து சொன்னாள். டீச்சர் எல்லாருக்கும் கண்ணைக் கட்டிவிட்டு மணி அடித்தார்களாம், சத்தம் வரும் இடத்துக்கு நடக்கச் சொன்னார்களாம். இவள்தான் நேராகப் போய் மணியைத் தொட்டாளாம்.

"எனக்கு முன்னாடியே தெரியும்மா இந்த வெளையாட்டு. மாமா சொல்லிக் குடுத்தாங்க. ஏரிகிட்ட."

ஜைத்தூன் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "எப்போ?"

"அப்பா பூனாக்காரரக் கூப்பிடப் போனாருல்ல, அதுக்கு மொத நாளு. என் துப்பட்டாவால கண்ணக் கட்டினாங்க. மாமா அந்தப் பக்கம் போய் டின் அடிச்சாங்க. நான் கரெக்டா நேரா போனேன். கயிறு தீந்துபோச்சு, நின்னுட்டேன்."

"என்ன கயிறு?"

"இடுப்புல கட்டின கயிறு. பாறைல கட்டியிருந்துச்சு. விழுந்துடக் கூடாதுன்னு."

ஆமாம், சாகிப். கயிறு கட்டியிருந்தேன். நான் மிருகம் இல்லை. விளிம்புக்கு மூன்று அடி முன்னால் நிற்கும்படி நானே அளந்து கட்டினேன், இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். வெயில் நன்றாக அடித்தது. அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, நான் நின்ற கல்லை நோக்கிக் கோடு போட்டது போல வந்தாள். கயிறு இழுத்து நின்றதும், "மாமா, கயிறு தீந்துபோச்சு" என்று கத்தினாள். அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அந்தக் கல்லில் நின்று அடித்தால் ஆள் எங்கே வந்து கால் வைப்பான் என்று. மிஸ்கீனுக்குக் கயிறு இல்லை. அவன் சாகவேண்டும் என்றுதான் அடித்தேன். பூனாக்காரரைப் பயமுறுத்த ஆயிரம் வழி இருந்தது.

ஜைத்தூன் பிள்ளையிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. ராத்திரி எனக்கு எப்போதும்போலச் சோறு போட்டாள், நெய்யும் விட்டாள். இன்று காலை குல்நாஸை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொன்னது போலவே, ஒன்றும் விடாமல். அழுதால் தேற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. எழுந்து போய் என் பூட்ஸை எடுத்துவந்து கால் பக்கத்தில் வைத்தாள்.

"போட்டுக்க லாலா. வெளிய ஈரமா இருக்கு."

போட்டுக்கொண்டேன். வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தேன், அவளும் கூட வருவாள் என்று நினைத்து. பின்னால் கதவைச் சாத்தினாள். உள்ளே சங்கிலியை மாட்டிப் பூட்டைத் திருகும் சத்தம் கேட்டது. நவம்பர் மாதம் இல்லையா, குளிருக்காகத்தான் பூட்டியிருப்பாள்.